மஞ்சள் பூனையின் மேல் போட்ட பழி

வீட்டில் எல்லோருக்கும் படர்தாமரை. மூன்று பூனைகளில் மஞ்சளுக்கு மட்டும் காதோரம் முடி கொட்டியிருந்ததால் பழியை அதன்மேல் போட்டோம். அப்பா அதைச் சாக்கில் கட்டி, தோணியில் கொண்டுபோய், கடலோரக் களப்பின் அக்கரையில், மீன் காயவைக்கும் வாடியில் விட்டுவிட்டு வந்தார்.

வட்டங்கள் குறையவில்லை. என் கழுத்தில் புதிதாக ஒன்று வந்தது. ஆஸ்பத்திரியில் களிம்பு தந்த தாதி மிஸ்ஸி கேட்டா:

"உம்மோட படுக்கிறது எந்தப் பூனை?"

"வெள்ளை. கழுத்திலதான் தலை வைக்கும். ஆனா அதுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை, மிஸ்ஸி."

"வருத்தம் வெளியில தெரியாமலும் பூனை கிருமியைக் காவிப் பரப்பும், பிள்ளை."

மஞ்சளைத் திரும்பக் கொண்டுவர, அன்றைக்கே அப்பாவைச் சாக்கோடு அக்கரைக்கு இழுத்துப் போனேன். வாடியில் மஞ்சள் கொழுத்திருந்தது. காதோரம் முடி முளைத்திருந்தது. சாக்கைக் கண்டதும் பாய்ந்து ஓடியது. நானும் அப்பாவும் சொறிந்துகொண்டு நின்றோம்.