தம்பியைக் கரடிமேல் ஏற்றிய வெள்ளிக்கிழமைகள்

அலுவலகத் தோழி ஒருத்தி போன வாரம் ஒரு வண்ண விளம்பரத்தாளை என் முன்னால் நீட்டினாள். வெளிநாட்டில் எங்கோ தொட்டிக்குள் டால்பின்களை அடைத்து வைத்திருக்கிறார்களாம். அவற்றோடு நீந்தவிட்டால் பேச்சு வராத குழந்தைக்குப் பேச்சு வருமாம். அவள் மகனுக்கு நான்கு வயது, இன்னும் பேசவில்லை. "பாரேன், எவ்ளோ அழகா சிரிக்குது" என்றாள். அது சிரிப்பில்லை, அதன் வாயே அப்படித்தான், செத்துக் கிடந்தாலும் அப்படியேதான் இருக்கும் என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. நான் ஏன் கத்தினேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது என் தம்பிக்கு ஐந்து. 'அம்மா' என்றுகூட அவன் சொன்னதில்லை. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முழுக்க அவனுக்கு வைத்தியம் சொன்னது. அம்மா மட்டும் வாரம் ஒருமுறை இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள். அங்கே பேச்சுப் பயிற்சி தரும் ஒரு அம்மாள் அவனைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, மெழுகுவத்தியை ஊதச் சொல்லிப் பழக்குவாள். அப்பாவின் அக்காவுக்கு அதைக் கேட்டாலே எரிச்சல்.

"மெழுகுவத்தி ஊதவா ஆஸ்பத்திரி? புள்ள எதையோ பாத்து பயந்துகினான். கரடிமேல உக்கார வெச்சா சரியாப்பூடும்."

அத்தை சொன்னால் எங்கள் வீட்டில் அது வேதவாக்கு.

கரடிக்காரர் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பக்கம் வருவார். பயந்த பிள்ளைகளைக் கரடி முதுகில் ஏற்றி நாலடி நடத்திவிட்டு, அதன் மயிரைத் தாயத்தில் அடைத்துக் கொடுப்பார். கரடியின் மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்திருந்தது. அம்மா தயங்கியதும் அவர் அதன் வாயைப் பிளந்து காட்டினார். "ஏனூ ஆகல்லம்மா, ஒண்ணும் ஆவாது, பல்லே இல்ல பாரு." பாவம், வயசான கரடி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். குட்டியாக இருக்கும்போதே பல்லைத் தட்டி எடுத்துவிடுவார்கள் என்பதெல்லாம் பின்னால் தெரிந்ததுதான்.

தம்பியை ஏற்றி, அவன் இடுப்பை அத்தை பிடித்துக்கொண்டாள். கரடி நகரவில்லை. அவர் கயிற்றைச் சுண்டினார். அது அடித்தொண்டையில் முனகியது. உடனே தம்பியும் அதே மாதிரி முனகினான்.

"வாய் தொறந்துட்டான்!" என்று சந்தே கூவியது. அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள், அம்மா அழுதாள். மறுவாரமே ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு வருஷம், வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டு டாக்டருக்கு நாலு கால். தம்பிக்கு இன்றைக்கும் பேச்சில்லை. அந்த ஒரு வருஷத்தை அவனுக்கு யார் திருப்பித் தருவார்கள்? கரடிக்காரரைத் திட்டினால் பாதிக் கோபம்கூடத் தீராது. அவரைக் கூப்பிட்டு நிறுத்தியது நாங்கள்.

நான் இன்னும் ஒருபடி மேலே போனேன். கரடி சும்மா நடந்தால் தம்பி வாயே திறப்பதில்லை, கயிற்றை இழுத்தால்தான் சத்தம் வருகிறது என்பதை அந்தச் சந்தில் கவனித்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமை வேறு. ஒரு வெள்ளிக்கிழமை அவன் சத்தமே போடவில்லை. அம்மாவின் முகம் வாடிவிட்டது. நான் முன்னால் போய் நின்றேன்.

"தாத்தா, இன்னும் கொஞ்சம் ஜோரா இழுங்க. அப்பத்தான் பேசுவான்."

அவர் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். பிறகு இழுத்தார். கரடியின் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. அது தலையைத் தாழ்த்தி, முன்னங்காலால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதறியது. முதுகின்மேல் தம்பியும் இரண்டு கைகளாலும் தன் மூக்கைப் பொத்திக்கொண்டு கதறினான்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான். கரடி நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்துகிறான் என்று நினைத்தேன்.