மூன்று விரலுக்கு ஒரு மடக்குக் கத்தி

மாரித்தாயின் வலது கையில் மூன்று விரல்கள் இருக்கின்றன: பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். இடது கையில் ஐந்தும் உண்டு. ஆனால் வெந்த தோல் ஒன்றோடொன்று ஒட்டி ஆறியதால் அவை மடங்குவதில்லை, விரிவதுமில்லை. அந்தக் கையால் ஒரு பொருளை அழுத்திப் பிடிக்கலாம், எடுக்க முடியாது. ஆகவே சோறு பிசைவது, சேலைக் கொசுவம் வைப்பது, கதவுத் தாழ் நீக்குவது, வெள்ளரிக்காய் வெட்டுவது எல்லாம் அந்த மூன்று விரல்களின் வேலை. அவற்றில் இன்னொன்று போனால் என்ன மிஞ்சும் என்பதையும் அவர் யோசித்து வைத்திருந்தார். "ரெண்டு வெரலு இருந்தா கோலப்பொடி எடுக்கலாம். வேற என்ன செய்ய?" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

நான் சாத்தூர் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து 2015-இல் ஓய்வு பெற்றவன். இன்றும் காலை ஆறு மணிக்கு அங்கே போய்விடுகிறேன். மாரித்தாய் முதன்முதலாக வெள்ளரிக் கூடையோடு அங்கே வந்தது 2018 ஜூன் 4, திங்கட்கிழமை. அன்று அவருக்கு நாற்பது வயது.

அதற்கு முன் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் பத்தொன்பது ஆண்டுகள் குழாய்களில் மருந்து செலுத்தியவர். மருந்து என்றால் வெடிமருந்து; வேலை செய்கிறவர்கள் முன்பாதியைச் சொல்வதில்லை. 2017 மார்ச் 9, வியாழக்கிழமை காலை 10.20-க்கு, அறையில் ஒரு மருந்துத் தட்டைத் தரையோடு இழுத்திருக்கிறார்கள். நேரம் அவர் சொன்னதல்ல. மறுநாள் வந்த செய்தித்தாளைப் பிறகு தேடிப் பார்த்து நான் குறித்தது. "தூக்கிட்டுப் போங்களேன், எதுக்கு இழுக்கீக?" என்று மாரித்தாய் கேட்டிருக்கிறார். "ஒண்ணும் ஆகாது தாயி, தெனமும் இழுக்கதுதானே" என்றாராம் போர்மேன். உராய்வில் மருந்து வெடித்து, அறையில் இருந்த நால்வரில் இருவர் இறந்தார்கள். போர்மேன் அவர்களில் ஒருவர். மற்றவர், மாரித்தாயின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த பாண்டிலட்சுமி.

வெள்ளரி விற்க அவர் ஒரு முறை ஏற்படுத்திக்கொண்டார். கூடை இடது முழங்கையில் தொங்கும். கூடையின் வாயில் எட்டு அங்குலப் பலகை ஒன்று கட்டியிருக்கும். பிஞ்சைப் பலகையில் வைத்து இடது உள்ளங்கையால் அழுத்திக்கொள்வார். கத்தி முனையைக் காம்புப் பக்கம் குத்தி இறக்கி நான்காகப் பிளந்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி நீட்டுவார். முன்கூட்டியே வெட்டி வைத்தால் தண்ணீர் விட்டுவிடும், யாரும் வாங்க மாட்டார்கள். கோவில்பட்டி வண்டி நிலையத்தில் நிற்பது ஏழு நிமிடம். அதற்குள் ஏறி, விற்று, இறங்க வேண்டும். கையில் இருந்தது சாதாரண மரப்பிடிக் கத்தி, மடங்காதது. ஆறு ஆண்டுகள் ஒரு கீறல் இல்லாமல் இப்படி நடந்தது.

2024 ஜூன் 24 அன்று வேறொரு வியாபாரியின் திறந்த கத்தி, வண்டியின் நெரிசலில் ஒரு பயணியின் முன்கையைக் கிழித்துவிட்டது. மூன்று தையல். மாலையில் நடத்துநர்கள் கூடிப் பேசினார்கள். மறுநாள் காலை பெத்தணன் என்ற நடத்துநர் வந்து மாரித்தாயிடம் முடிவைச் சொன்னார்.

"யக்கா, ஒண்ணாந் தேதியில இருந்து மடக்குக் கத்திதான். ஏறும்போது மூடி இருக்கணும், எறங்கும்போதும் மூடி இருக்கணும்."

"ஏ பெத்தணா, எனக்கு இருக்கது ஒரு கையிதானப்பா."

"ஒனக்கு மட்டும் விட்டா மத்தவுக அதே கத்தியால என்னையக் குத்துவாக."

"அப்ப நீ வந்து மடக்கிக் குடு."

"நான் டிக்கெட்டு கிழிக்கவா, வெள்ளரிக்கா கிழிக்கவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாரித்தாயும் சிரித்துவிட்டுக் கத்தியைத் துணியில் சுற்றி வைத்தார். ஒரு துணிச் சுற்றுக்கு அவர் மூன்று தடவை முயன்றதை நான் பார்த்தேன்.

புதன்கிழமை அட்டையில் உறை செய்து இடுப்பில் செருகிப் பார்த்தார். முனை அட்டையைத் துளைத்துச் சேலையைக் கிழித்தது. வியாழக்கிழமை, கொய்யாப்பழம் விற்கும் மாரிசெல்வி தன்னுடைய மடக்குக் கத்தியைப் பழகிப் பார்க்கக் கொடுத்தார். காலியாக நின்ற வண்டி ஒன்றின் படியருகே மாரித்தாய் வெட்டினார். முதல் இரண்டு காய்க்கு ஒன்றும் இல்லை. மூன்றாவதிலிருந்து கத்தியை உருவும்போது அது தானாக மடங்கியது. நடுவிரல் நகத்தின் நுனி பிறை போலச் சீவிப் போனது. ரத்தம் வரவில்லை. அவர் கத்தியைக் கீழே விட்டுவிட்டு, வலது கையைக் கக்கத்துக்குள் வைத்து அழுத்திக்கொண்டு சுவரோரம் நின்றார். கோவில்பட்டி வண்டி வந்து, ஏழு நிமிடம் நின்று, போயிற்று. அவர் அசையவில்லை.

பிறகு என்னிடம் வந்தார். "ஐயா, விருதுநகர்ல நல்ல கத்தி இருக்குங்காக. கூட வாரீகளா? என் கையப் பாத்தா கடைக்காரவுக பாவப்பட்டு எதையாச்சும் குடுத்து அனுப்பிருவாக."

ஜூன் 29, சனிக்கிழமை, 9.10 வண்டியில் போனோம். மஞ்சள் பையில் பத்துப் பன்னிரண்டு வெள்ளரிப் பிஞ்சு எடுத்து வந்திருந்தார். எல்லாமே விரல் பருமன். வழியில் தின்பதற்கு என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஒன்றையும் தொடவில்லை.

விருதுநகர்க் கடைத்தெருவில் சபரிநாதன் என்பவரின் இரும்புச் சாமான் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பதினான்கு மடக்குக் கத்திகள் இருந்தன. உலோகப் பிடியும் பிளாஸ்டிக் பிடியும் வேண்டாம் என்று மாரித்தாய் முதலிலேயே சொல்லிவிட்டார். வெள்ளரித் தண்ணீர் பட்டால் வழுக்கும். மரப்பிடி போட்டவை ஐந்து. அவற்றில் இரண்டை ஒரு கையால் பிடித்து மறு கையின் நகத்தால் நெம்பித் திறக்க வேண்டும். மீதி மூன்று, அலகின் பக்கத்தில் சிறு குமிழ் வைத்தவை. பெருவிரலால் தள்ளினால் திறந்துகொள்ளும்.

முதல் கத்திக்கு ஈட்டி மரப்பிடி. சபரிநாதன் தள்ளியதும் 'டக்' என்று திறந்து பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு மாரித்தாய் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"பயப்படாதீங்கம்மா. பூட்டு விழுற சத்தம்தான்."

"மூடிக் காட்டுங்க."

பிடிக்குள் இருக்கும் ஒரு தகட்டைப் பெருவிரலால் ஒதுக்கினால்தான் அது மூடும். ஒதுக்கும்போது பெருவிரல் அலகுக்கு நேர் எதிரே இருக்கும்.

"அது வர்ற வழியிலயே வெரல வைக்கச் சொல்றீக."

"ரெண்டு நாள்ல பழகிரும்மா."

"அந்த ரெண்டு நாளைக்கு எந்த வெரலக் குடுக்க?"

சபரிநாதன் அப்போதுதான் அவருடைய கையைச் சரியாகப் பார்த்தார். முகம் மாறியது. அடுத்த கத்தியை எடுத்தார். வெளிறிய நிறத்தில் ஏதோ வெளிநாட்டு மரம். பிடியின் பக்கவாட்டில் ஒரு பொத்தான். அமுக்கினால் பூட்டு விடுபடும், எந்த விரலும் குறுக்கே வராது. மூன்றாவது, தேக்குப் பிடி. பூட்டு முதுகுப்பக்கம் இருந்தது. அதன் அலகில், பிடியை ஒட்டி ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் வரை கூர் இல்லை. உள்வளைந்த மொட்டை விளிம்பு.

"பூட்டு கெட்டியா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று மாரித்தாய் கேட்டார்.

"எல்லாம் கம்பெனிச் சரக்கும்மா."

அவர் மஞ்சள் பையிலிருந்து பிஞ்சுகளை எடுத்தார். திறந்த கத்தியின் பிடிக்குக் கீழே, ஆள்காட்டி விரல் வரும் இடத்தில் ஒன்றும் நடுவிரல் வரும் இடத்தில் ஒன்றும் குறுக்காக வைத்து, ரப்பர் பேண்டால் கட்டித் தரும்படி என்னிடம் சொன்னார். கட்டினேன். பச்சையாக இரண்டு விரல்கள் பிடியைப் பற்றியிருப்பது போலவே இருந்தது. சபரிநாதன் பிடியின் பக்கங்களை இடுக்கிப் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் தட்ட வேண்டும் என்றார். வெட்டும்போது மடக்குக் கத்தி மடங்காது; குத்தும்போதும் உருவும்போதும் முதுகில் அடிபட்டால்தான் மடங்கும் என்பதை மாரித்தாய் வியாழக்கிழமையே தெரிந்துகொண்டிருந்தார்.

நான் எண்ணினேன். ஈட்டி மரப்பிடிக் கத்தி பன்னிரண்டாவது தட்டில் மடங்கியது. இரண்டு பிஞ்சிலும் அலகு இறங்கியது. நடுவிரல் இடத்தில் இருந்தது பாதிக்கு மேல் அறுபட்டுத் தொங்கியது. கடையில் இருந்த மற்ற வாடிக்கையாளர்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். மாரித்தாய் முக்காலியில் உட்கார்ந்து சிறிது தண்ணீர் கேட்டார்.

வெளிறிய மரக் கத்தியை அறுபது தட்டு தட்டினோம். அசையவில்லை. சபரிநாதனுக்கு மூச்சு வந்தது. "பாத்தீங்களாம்மா? இதுதான் உங்களுக்கு."

தேக்குப் பிடி முப்பத்தொன்றாவது தட்டில் மடங்கியது. ஆனால் கூரில்லாத விளிம்பு முதல் பிஞ்சில் மோதி அங்கேயே நின்றது. பிஞ்சில் ஒரு பள்ளம் மட்டும். கூர் இரண்டாவது பிஞ்சை எட்டவே இல்லை. மாரித்தாய் மறுபடி தட்டச் சொன்னார். எட்டாவதில் மடங்கியது, பள்ளம். இன்னொரு முறை. இருபத்திரண்டாவதில், பள்ளம்.

"இத விடுங்கம்மா, பூட்டு லூசா இருக்கு. நான் திருப்பி அனுப்பிர்றேன்" என்று சபரிநாதன் கையை நீட்டினார்.

அவர் கொடுக்கவில்லை. வெளிறிய மரக் கத்தியில் புதுப் பிஞ்சுகளைக் கட்டச் சொல்லி, பொத்தானை அமுக்கிப் பிடித்து அலகை வேகமாக மடக்கச் சொன்னார். அதற்குக் கூர் அடி வரைக்கும் இருந்தது. முதல் பிஞ்சு இரண்டாகி மேசைமேல் உருண்டது.

"நாமளா அமுக்குனதால மடங்குச்சு. தானா மடங்காதும்மா. அறுபது தட்டு தாங்கியிருக்குல்ல?"

"அறுவத்தொண்ணு?"

"ஒண்ணும் ஆகாது."

மாரித்தாய் அந்தக் கத்தியை மெதுவாகக் கண்ணாடிமேல் வைத்து, தன்னிடமிருந்து தள்ளி வைத்தார். தேக்குப் பிடியை எடுத்துக்கொண்டார். அதுதான் வேண்டும் என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. மூன்று முறை பூட்டு விட்ட கத்தியை வாங்குவதா? அறுபது தாங்கியதை விடுவதா? வாய்விட்டே கேட்டேன்.

"ஐயா, அது மடங்கும்னு தெரியாம தைரியமாப் பிடிப்பேன். இது மடங்கும்னு தெரிஞ்சு பயந்து பிடிப்பேன்," என்றார். பிறகு, "பத்தொம்பது வருசம் ஒண்ணும் ஆகலய்யா" என்றார்.

சபரிநாதன் கத்தியை எண்ணெய் விட்டுத் துடைத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மாரித்தாய் வீட்டில் அதைத் திறந்து மூடிப் பழகியிருக்கிறார். பூட்டைப் பெருவிரலால் அமுக்கி, அலகின் முதுகைக் கூடைப் பலகையில் சாய்த்துத் தள்ளினால் மூடிவிடும். எத்தனை முறை பழகினார் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார்.

ஜூலை 1, திங்கட்கிழமை. கோவில்பட்டி வண்டி 6.40-க்கு வந்தது. பெத்தணனிடம் மூடிய கத்தியைக் காட்டிவிட்டு மாரித்தாய் ஏறினார். நானும் பின்படி வழியாக ஏறி நின்றுகொண்டேன். பெருவிரலால் குமிழைத் தள்ளினார், 'டக்' என்றது, கண்ணை மூடித் திறந்தார். நான்கு காய் வெட்டி முடித்தார். ஐந்தாவதைப் பாதி பிளந்திருந்தபோது, பின்னால் வந்த வண்டிக்கு இடம் விட ஓட்டுநர் சட்டென்று முன்னே நகர்த்தி நிறுத்தினார். மாரித்தாய் கத்தியை உருவிக்கொண்டே சாய்ந்தார். அலகின் முதுகு இருக்கைக் கம்பியில் மோதியது. கத்தி மடங்கியது.

அவர் கையைப் பார்க்கவில்லை. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, பெருவிரலால் முதலில் ஆள்காட்டி விரலைத் தொட்டார், பிறகு நடுவிரலை. திரும்ப ஒருமுறை, அதே வரிசையில். கத்தி கூடைக்குள் கிடந்தது.

"யக்கா, என்னோட காயி?" என்று சன்னலோரம் இருந்த பெண் கேட்டார்.

"தாரேன் தாயி."

கத்தியை எடுத்துத் திறந்து, மீதியைப் பிளந்து, உப்புத் தடவிக் கொடுத்துவிட்டு, கத்தியை மூடிக்கொண்டு இறங்கினார். கீழே வந்ததும் கையை என்னிடம் நீட்டினார். ஆள்காட்டி விரலின் உட்புறத்தில், ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்கு நீலக் கோடு. தோல் கிழியவில்லை.

"வேணும்னா மாத்திரலாம்" என்றேன். "சபரிநாதன் மறுக்க மாட்டார்."

மாரித்தாய் கத்தியை மறுபடி திறந்து, பலகையில் சாய்த்து மூடிப் பார்த்தார். அதற்கு இரண்டு முயற்சி தேவைப்பட்டது. 6.58-க்கு அடுத்த வண்டி உள்ளே வந்தது. படியருகே போய், ஆட்கள் இறங்கும் வரை ஒதுங்கி நின்றார். எல்லோரும் இறங்கிய பிறகும் சற்று நேரம் நின்றார். பிறகு ஏறினார்.