ரெஜினா சித்தியின் இரண்டு குச்சிப்பூச்சிகள்

“இதுல எது நம்மூரு, எது கப்பல்ல வந்தது? சொல்லு பாக்கலாம்.”

ரெஜினா சித்தி இரண்டு ஊறுகாய் பாட்டில்களை என் முன்னால் வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு குச்சிப்பூச்சி. பிளஸ் டூவில் உயிரியல் படித்தும் எனக்குத் தெரியவில்லை. என் கண்ணுக்கு இரண்டுமே காய்ந்த குச்சிகள்தான்.

“உனக்கே தெரியலன்னா மேஸ்திரிக்கு எப்டிடா புரிய வெப்பேன்?” என்றாள்.

திருவொற்றியூரில் ஒரு மரக்கிடங்கைப் பெருக்குவது சித்தியின் வேலை. துறைமுகத்திலிருந்து வெளிநாட்டு மரத்தடிகள் அங்கே வந்து இறங்கும். கிடங்குச் சுவரை ஒட்டி அவள் வீடு. வாசலில் அவள் வைத்து வளர்த்த கொய்யா. அந்த வாரம் தடிகளில் ஒரு புதுவகைக் குச்சிப்பூச்சி அகப்பட்டதால் கிடங்குக்கு மருந்து அடித்தார்கள். பிறகு மேஸ்திரி லூயிஸ் கொய்யாவிலும் குச்சிப்பூச்சியைப் பார்த்துவிட்டார்.

“மரத்துக்கும் பரவிக்கீது ரெஜினா. நாளைக்கு வெட்ட ஆளு வரும்.”

“அது வேற, இது வேறண்ணே.”

“இன்னா, ஆதார் கார்டு வாங்கிப் பாத்தியா?”

மறுநாள் காலை சித்தி வாசலைப் பெருக்கவில்லை. நான் பார்த்து அப்படி நடந்ததே இல்லை. லூயிஸ் வந்ததும் பாட்டில்களைக் காட்டினாள். மருந்து அடிக்கும் முன்பே அவள் பிடித்து வைத்திருந்த கப்பல் பூச்சிக்கு முதுகில் முள், சின்ன இறக்கை. கொய்யாப் பூச்சி வழவழவென்று இருந்தது, இறக்கையே இல்லை.

“இது குட்டி. வளந்தா முள்ளு முளைக்கும்,” என்றார் லூயிஸ்.

சித்தி மரத்தடியில் குந்தி, பெருக்காத மண்ணிலிருந்து சிலவற்றைப் பொறுக்கினாள். கொத்தமல்லி விதைபோல உருண்டையாக இருந்தன. பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதில் சீரகம்போல நீளமானவை.

“முடிச்சுல கீறது கிடங்குல பெருக்குனது. கப்பல் பூச்சி போட்ட முட்டை. இது மரத்துலேந்து விழுந்தது. குட்டின்னு சொன்னியே, குட்டி முட்டை போடுமாண்ணே? ரெண்டு எடத்தையும் தினம் பெருக்குறவ நானு. இந்த உருண்டைய பல வருசமா தள்ளிகினு கீறேன்.”

லூயிஸ் உருண்டைகளை விரலால் புரட்டிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, “மரம் வெட்ட வர வேணாம்பா,” என்றார்.

கப்பல் பூச்சியை அவரிடம் ஒப்படைத்தாக வேண்டும். அதற்குமுன் சித்தி அந்தப் பாட்டிலுக்குள் ஒரு கொய்யா இலையைப் போட்டாள். “அவ்ளோ தூரம் வந்துகீது. பட்டினியா போவக் கூடாது.”

இதைப் படித்தவர்கள் பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். சுவரில் ஒரு குச்சி நடந்தால், செருப்பைத் தேடும் முன் அவர்களுக்கு எங்கள் சித்தி நினைவுக்கு வரட்டும்.