மாத்திரைக்காரி

என் ஓரகத்தி கனிஷாய் கல்யாணத்துக்கு முன்பு நாரின் நகரப் பெண்கள் அணியில் கைப்பந்து ஆடியவள். அவள் அடித்த பந்தை எடுக்க எதிரணிப் பெண்கள் பயப்படுவார்கள். எங்கள் வீட்டுக் கடைசி மகன் தலாந்த்துக்கு அவளைக் கட்டினார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி கடைசி மருமகள்தான் மாமியாரோடு இருக்க வேண்டும். மூத்தவளான நான் பக்கத்து வீட்டில் தனிக்குடித்தனம். விடியலில் சமோவார் என்னும் தேநீர்க் கொதிகலனை மூட்டி, மாமியார் சைராகுல் எதிரில் உட்கார்ந்து தேநீர் ஊற்றுவது அவள் பாடு.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அவள் மெல்ல மெல்ல நின்றுபோனாள். வேறெப்படிச் சொல்ல? தண்ணீர் எடுக்கப் போனவள் வாளியோடு அப்படியே நிற்பாள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. முகம் ஊதிக்கொண்டது. கோடையில் நாங்கள் வியர்க்க வியர்க்கப் புல் காயப்போடும்போது அவள் கம்பளிச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டிருப்பாள்.

“பந்து விளையாடுற பொண்ணுன்னு கூட்டிட்டு வந்தோம். இப்ப பந்தே வந்து வீட்டுல உக்காந்திருக்கு” என்பாள் மாமியார், விருந்தாளிகள் எதிரிலேயே. எல்லாரும் சிரிப்பார்கள். கனிஷாயும் சிரிப்பாள், கொஞ்சம் தாமதமாக.

தலாந்த்துக்கு மாஸ்கோவில் கட்டட வேலை. ஒருநாள் அவன் கூப்பிட்டபோது நானும் அங்கே இருந்தேன். கனிஷாய் போனை எடுத்து, “சொல்லுங்க” என்றாள்.

அந்தப் பக்கம் அவன் கத்தியது எனக்கே கேட்டது. “யாருய்யா நீ? என் பொண்டாட்டி போன் உங்கிட்ட எப்படி வந்துச்சு?”

“நான்தாங்க.”

“எந்த நான்? போனை அவகிட்ட குடுய்யா!”

அவள் போனை என்னிடம் நீட்டினாள். “அக்கா, நான்தான்னு நீங்க சொல்லுங்க.”

அவள் குரல் அவ்வளவு தடித்திருந்தது. தினமும் கேட்ட எங்களுக்கு அது உறைக்கவேயில்லை. நான் எடுத்துச் சொன்னதும் தலாந்த், “அண்ணி, அவள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அம்மா என்ன சொன்னாலும் சரி” என்றான்.

ரத்தம் எடுத்துப் பார்த்து, தைராய்டு மந்தமாகிவிட்டது என்றார்கள். தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை. போட்டபின் ஒரு மணி நேரம் தேநீர்கூடக் கூடாது. அங்கேதான் வினை.

“நான் குடிக்கிறப்ப உன் கிண்ணம் ஏன் காலியா இருக்கு? விஷமா கலந்திருக்கு?” என்றாள் மாமியார்.

கனிஷாய் பால்தேநீரைக் குடித்துவைத்தாள். மாத்திரை வேலை செய்யவில்லை. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்: இருட்டிலேயே எழுந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு காத்திருப்பது. தூக்கத்துக்கு ஏங்கியவள் இருந்த தூக்கத்தையும் விட்டாள்.

பனி உருகும் காலத்தில் வீக்கம் வடிந்தது, குரல் திரும்பியது. ரத்தமும் சரியென்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் மத்தியானமானால் அவள் சுருண்டு படுத்துவிடுவாள்.

“அதான் சரியாயிடுச்சாமே, மாத்திரைக்காரி! இன்னும் என்ன படுக்கை?” என்றாள் மாமியார்.

“ரத்தத்துக்குச் சரியாயிடுச்சு அத்தை. எனக்குத்தான் ஆகல.”

கோடையில் தலாந்த் வந்தான். பழைய குரலைக் கேட்டதும் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவளுடைய பழைய கூட்டாளிகளைக் கூப்பிட்டுப் பள்ளி மைதானத்தில் ஆட்டம் வைத்தான். அவள் அடித்த முதல் பந்து யார் கைக்கும் சிக்கவில்லை. எல்லாரும் கூச்சல் போட்டார்கள். அடுத்த பந்துக்குக் குதித்தவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவே முடியவில்லை.

“நல்லாத்தானே இருக்க?” என்றான் அவன், கெஞ்சுகிற மாதிரி.

“நல்லா இருக்கேன்னு எல்லாரும் சொல்றீங்க. என் உடம்புக்கு மட்டும் யாரும் வந்து சொல்லல” என்றாள்.

அவன் அவளைத் தூக்கி நிறுத்தினான். ஊரில் இருந்தவரை மத்தியானத்தில் அவள் அறைப் பக்கம் யாரையும் அண்டவிடவில்லை. இலையுதிர் காலத்தில் மாஸ்கோவுக்கே திரும்பிப் போய்விட்டான். வேலை அங்கேதானே.

நேற்று மாலை அவள் சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தேன்.

“போய்க் கொஞ்சம் படேன்டி” என்றேன்.

“படுத்தா மறுபடி எந்திரிக்கணுமே அக்கா” என்றாள்.