போனில் வண்டி ஓட்டக் கற்றவள்

சலவை நிலையத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகள், துவைத்துக் காய்ந்தபின் அவள் மேசைக்கு வரும். ஓர் ஓரத்தைத் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் ஓர் உதறு உதறி, கண்மூடித் திறப்பதற்குள் மடித்துப் போடுவாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றால், "வாயப் பொளந்தது போதும், அந்தத் தலகாணி உறைய இப்படித் தள்ளு" என்று விரட்டுவாள்.

மடித்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுப்பது அவள் வீட்டுக்காரர். அந்த வெள்ளை வேன் முதலாளியம்மாவுடையது என்றாலும், அதன் மூச்சும் இருமலும் அவருக்குத்தான் தெரியும். வேறு யாராவது ஓட்டிக்கொண்டு வந்தால்கூட, தெருமுனையில் வேன் திரும்பும்போதே, "பெல்ட்டு தேயுது" என்று சொல்லிவிடும் காது அவருக்கு. அப்படிப்பட்ட மனுஷன் ஒரு மழை நாளில் வேனின் பின்படியிலிருந்து மூட்டையோடு வழுக்கி விழுந்தார். இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. இரண்டு முறை அறுத்துத் தைத்த டாக்டர் கடைசியில் கையை விரித்தார். ஊன்றுகோல் வைத்து நடக்கலாம், ஆனால் கால் இனி மடங்காது. மடங்காத காலால் கிளட்ச் மிதிக்க முடியாது.

முதலாளியம்மா கெட்டவர் இல்லை. வெளியாளைக் கூப்பிட்டுக் கொஞ்ச காலம் சமாளித்தார். பிறகு மடிப்பக்காவைக் கூப்பிட்டு, "நீ லைசென்ஸ் எடுத்துட்டா வேன் உன்கிட்டயே இருக்கட்டும். ரெண்டு மாசத்துக்குள்ள எடுக்கணும். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார். மடிக்கிற வேலை ஒன்றை மட்டும் நம்பி அந்த வீடு ஓடாது என்பது இருவருக்குமே தெரியும். அன்றைக்கே அவள் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தாள்.

பள்ளி என்றால் ஒரே ஒரு மாஸ்டர். நல்ல மனிதர்தான், ஆனால் போனும் அவர் காதும் ஒட்டிப் பிறந்தவை. வேலை முடிந்த சாயங்காலங்களில் சலவை நிலையத்தின் பின்முற்றத்தில், அதே வெள்ளை வேனில் பயிற்சி நடக்கும். மாஸ்டர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தன் மச்சானோடு மனை விவகாரம் பேசிக்கொண்டிருப்பார். பார்த்தாள் மடிப்பக்கா. தன் போனை எடுத்து வீட்டுக்காரருக்குப் போட்டு, ஸ்பீக்கரை உயிர்ப்பித்து, முன்கண்ணாடிக்குக் கீழே சாய்த்து வைத்துவிட்டாள்.

கட்டிலில் படுத்தபடி அவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்பார். கேட்டு, சொல்லுவார்.

"ரெண்டு போடு. அவசரப்படாதே... ஆங், இப்ப மூணு. கால எடு, கால எடு, கிளட்ச்ச விடு!"

"விடாதே! விட்டேன்னா மொத்தமும் போச்சு!" என்று அதே நேரத்தில் மாஸ்டர் மச்சானிடம் கத்துவார். அவள் இரண்டு பேர் பேச்சையும் கேட்டு, பாதி விட்டு பாதி விடாமல், வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோகும்.

"யாரு அங்க குறுக்க பேசறது?" என்று போனுக்குள்ளிருந்து அவர் சீறுவார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டது. விழுந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துக் கிடந்த மனுஷன், சாயங்காலம் ஆனால் சட்டை மாற்றிக்கொண்டு போனைப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தார். அதனாலேயே அவள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. எந்தப் புண்ணியவதியும் இப்படி வண்டி கற்றிருக்க மாட்டாள். முற்றத்தைச் சுற்றினாள், மூட்டைத் தள்ளுவண்டி ஏறும் சரிவில் ஏற்றி இறக்கினாள், எல்லாமே அவர் குரலைப் பிடித்துக்கொண்டுதான்.

டெஸ்ட் மைதானத்தின் வாசலிலேயே ஒரு பலகை இருந்தது. சோதனை முடியும்வரை போனை அணைத்து வைக்க வேண்டும், நடுவில் போன் ஒலித்தாலோ அதிர்ந்தாலோ சோதனை அங்கேயே முடிந்தது, காதில் எதுவும் மாட்டியிருக்கக் கூடாது, கூட வந்தவர்கள் எந்தச் சைகையும் காட்டக் கூடாது. மடிப்பக்கா அதை எழுத்துக்கூட்டாமலேயே படித்தாள். படித்துவிட்டு, சத்தத்தைக் குறைத்தால் போதும் என்று அவளாகவே ஓர் அர்த்தம் பண்ணிக்கொண்டாள். வீட்டுக்காரர் ஒருநாளும் அவளைத் தனியாக விட்டதில்லையே! முதல் திருப்பத்தில் அவள் மடியில் போன் வண்டாக இரைந்தது.

"ஓரமா நிறுத்துங்க. எறங்கிக்கலாம்" என்றார் பக்கத்தில் உட்கார்ந்து சோதித்துக்கொண்டிருந்த ஆபீசரம்மா. குள்ளமான உருவம், சிரிப்பே தெரியாத முகம்.

வெளியே வந்து போனை எடுத்தால், "சைடு கண்ணாடியப் பாத்தியா?" என்கிறார் அவர். அவளுக்கு வந்த கோபத்துக்கு ஏதேதோ வாயில் வந்தது. மென்று விழுங்கினாள்.

இரண்டாவது முறை போனை அணைத்து, மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு ஏறினாள். சமதரையில் எப்படியோ சமாளித்துவிட்டாள். மேட்டில் நிறுத்திக் கிளம்பச் சொன்னபோது, அவள் கண் தானாக முன்கண்ணாடிக்குக் கீழே போயிற்று. அங்கே போன் இல்லை. எப்போது விட வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல் அவள் கால் அப்படியே நின்றது. வேன் பின்னால் உருண்டது. ஆபீசரம்மாதான் கையால் பிரேக்கை இழுத்தார்.

மூன்றாவது முறையும் தவறினால் சில மாதங்கள் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்க முடியும். முதலாளியம்மா வேறொரு டிரைவரிடம் பேசி வைத்துவிட்டார் என்று சலவை நிலையத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரும் அவள் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. அன்று காலை வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று சொன்னார்: "நான் பேசறதா நெனச்சுக்க. நான் சொல்ற மாதிரி நீயே சொல்லிக்க."

அப்படியே செய்தாள். வண்டி கிளம்பியது. "கண்ணாடி... ஒண்ணு... அவசரப்படாதே... ரெண்டு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் திருப்பம் வெண்ணெயாகப் போயிற்று. இரண்டாவதும் அப்படியே. "ஆங், இப்ப மூணு" என்றாள், அவர் இழுக்கிற அதே இழுப்போடு.

"நிறுத்துங்க" என்றார் ஆபீசரம்மா.

நிறுத்தினாள்.

"யார்கிட்ட பேசறீங்க?"

"யார்கிட்டயும் இல்லீங்க."

"ரொம்ப நேரமா பாத்துட்டுதான் வர்றேன். காதுல என்ன வச்சிருக்கீங்க? முடிய ஒதுக்குங்க."

மடிப்பக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு பக்க முடியை ஒதுக்கினாள், பிறகு மறுபக்கம். ஆபீசரம்மா குனிந்து இரண்டு காதையும் கண்டக்டர் ரூபாய் நோட்டைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பார்த்தார். தேய்ந்துபோன இரண்டு தோட்டைத் தவிர ஒன்றுமில்லை.

"எங்க வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்ததுங்க. மறந்துடக் கூடாதுன்னு நானே சொல்லிக்கிறேன்."

"எனக்கு அது எப்படித் தெரியும்? இந்த மாசத்துல மட்டும் பட்டன் மாதிரி ஒண்ண காதுக்குள்ள வச்சுக்கிட்டு எத்தன பேரு வந்தாங்க தெரியுமா? வாய் அசையாம ஓட்டுங்க. இன்னொரு தடவ அசைஞ்சா நான் முடிச்சிடுவேன்."

அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. விதி விதிதான், ஏமாற்றுகிறவர்கள் இல்லாவிட்டால் அதற்கு வேலையே இல்லை. ஆனால் மடிப்பக்காவுக்கு அப்போது நியாயம் பார்க்கும் நிலை இல்லை. இருந்த ஒரு பிடியும் போய்விட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு மேட்டுக்கு வண்டியை விட்டாள்.

பாதி மேட்டில் நிறுத்தினாள். கிளம்ப வேண்டும். மனதுக்குள் அவரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். வாய் அசையாமல் அவர் வர மறுத்தார். அப்போதுதான் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம், ஆபீசரம்மா மேல், மாஸ்டர் மேல், நனைந்த படியில் கால் வைத்த அவர் மேல், எல்லார் மேலும். கட்டிலில் கிடந்த மனுஷனுக்கு என்ன தெரிந்தது? ரோடு தெரிந்ததா, மேடு தெரிந்ததா? இந்த இன்ஜின் சத்தம் ஒன்றுதானே அவருக்குக் கேட்டது! அவருக்குக் கேட்டது எனக்குக் கேட்காதா?

கேட்டாள். காலை மெல்ல மெல்ல விட்டாள். உறுமிக்கொண்டிருந்த இன்ஜின் ஓரிடத்தில் குரலைத் தாழ்த்தியது, பாரம் தோளில் ஏறினால் ஆள் முனகுவதுபோல. இங்கேதான் அவர் "இப்ப" என்பார். பிரேக்கை விட்டாள். வேன் ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை.

ஆபீசரம்மா இறங்கும்போது, "பாஸ்" என்று மட்டும் சொன்னார். இரண்டடி போய்த் திரும்பி, "நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காரு" என்றார். அப்போதும் சிரிக்கவில்லை.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். பக்கத்தில் மாஸ்டர், அவர் மடியில் அவளுடைய பை. பையைத் திறந்து போனை அவராகவே உயிர்ப்பித்தார். உயிர் வந்ததும் அது அடித்தது.

"வீட்டுக்காரர்தான். எடுக்கட்டுமா?"

"வேணாம்."

"நான் எடுத்து விஷயத்தச் சொல்லிடறேனே! பாவம், தவிச்சுட்டு இருப்பாரு."

"நான் சொல்லணும் மாஸ்டர். வண்டி நின்னப்புறம் சொல்றேன். உங்க போனையும் கொஞ்சம் உள்ள வைங்க, மச்சான் எங்கயும் ஓடிட மாட்டாரு."

மாஸ்டர் வாழ்க்கையில் முதல் முறையாகப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். பையில் போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பிறகு அடிக்கவில்லை.

வீட்டு வாசலில் வேனை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டை மாற்றியிருந்தார். போன் மடியில் கவிழ்ந்து கிடந்தது.

அவள் வாயைத் திறக்குமுன் அவரே, "பாஸாயிட்ட" என்றார்.

"யாரு சொன்னா? மாஸ்டர் சொல்லிட்டாரா?"

"யாரும் சொல்லல. பெயிலாகியிருந்தா மொத ரிங்லயே எடுத்து அழுதிருப்ப. எடுக்கலன்னதும் ஓட்டிட்டு வர்றேன்னு தெரிஞ்சுடுச்சு." மடியில் கவிழ்ந்து கிடந்த போனை எடுத்துத் தள்ளி வைத்தார். "நீ எடுக்கலன்னதுக்கு அப்புறம் மறுபடி நான் கூப்பிட்டிருக்கக் கூடாது. தெரிஞ்சும் கூப்பிட்டுட்டேன். கை கேக்கல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாளையிலேருந்து நீ வண்டியில இருக்கறப்ப நான் கூப்பிட மாட்டேன்" என்றார்.

பாஸ் என்று கேட்டபோது வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது.