பட்டினி கிடக்க வேண்டிய கலங்கள்

எங்கள் ஆய்வுக் கட்டுரையில் ‘தட்டுகள் மீண்டும் கழுவப்பட்டன’ என்றொரு வரி உண்டு. ஏன் மீண்டும் என்பதைக் கட்டுரை கூறவில்லை. அறிந்தவர் அருகி வருவதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கலவரமும் ஊரடங்கும் அடிக்கடி வந்துபோன காலம். கண்டிக்கு அருகே எங்கள் ஆய்வுகூடத்தில், என் மேற்பார்வையில், யாழ்ப்பாணத்து மாணவி ஒருவர் தம் பட்டத்துக்காகக் கோழிக்கருவின் கலங்களை, அதாவது உயிரணுக்களை, ஆய்வுத் தட்டுகளில் வளர்த்துவந்தார். சில தட்டுகளில் இயல்பான கலங்கள். ஏனையவற்றில் புற்றுநோய் வைரசு தொற்றி நிலைமாறியவை. இயல்பான கலம் பெருக வளர்ச்சிக் காரணிகள் வெளியிலிருந்து வரவேண்டும். கன்றுக் குருதியின் தெளிநீராகிய சீரத்தில் அவை உண்டு. நிலைமாறிய கலமோ அவற்றைத் தானே சுரந்து பெருகுகிறது என்பது அவர் கருத்து. அதனை நிறுவ எல்லாத் தட்டுகளையும் கழுவி, சிறிது காலம் சீரமின்றி விட்டார். அன்று மாலையே ஊரடங்கு. மடவளையிலிருந்து கருவுற்ற முட்டைகள் வருவதும் நின்றது. இக்கலங்கள் போனால் பட்டமும் போகும்.

பல நாள் கழித்து ஊரடங்கு நீங்கிய காலையில் நுணுக்குக்காட்டியில் குனிந்தவர் திகைத்தார். இயல்பான கலங்களும் கொழுத்துப் பரவியிருந்தன.

“ஆர் இதுக்குச் சீரம் விட்டது?”

அதே அறையில் ஆய்வு செய்த தோழி முன்வந்தார்; தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் வளர்ந்தவர். “நாந்தாங்க அக்கா. எத்தன நாளைக்குப் பூட்டுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? பாவம், பட்டினியா கெடக்குமேன்னு ஊத்திட்டுத்தான் பஸ் ஏறினேன்.”

“கடவுளே! பட்டினி போடுறதுதானே பரிசோதனை!”

“எங்க லயத்துல ஊரடங்குன்னா, எல்லாருக்கும் சோத்தப் போட்டுட்டுத்தாங்க கதவச் சாத்துவோம்.”

“உம்மட லயத்துச் சட்டம் என்ர தட்டுக்கும் வந்திட்டுதோ?”

அப்போது பின்வரிசையில், தோழியின் கண்ணுக்குத் தப்பிய ஒரு தட்டை நான் எடுத்தேன். அதில் இயல்பான கலங்கள் யாவும் செத்து மிதந்தன. தோழி சீரம் ஊற்றாதிருந்தால் மற்றவையும் இப்படித்தான் போயிருக்கும் என்பது மாணவிக்குப் புரிந்தது.

“சரி, தேத்தண்ணி போடும். திரும்பக் கழுவுவம்.”

கழுவிப் பட்டினி போட்டபின் இயல்பான கலங்கள் ஓய்ந்தன, நிலைமாறியவை பெருகின. நிலைமாறியவை வளர்ந்த நீரை ஓய்ந்தவற்றின்மேல் வார்த்ததும், அவையும் பிரிந்து பெருகத் தொடங்கின.

“பாத்தீங்களா அக்கா, பக்கத்து வீட்டுச் சோறு!” என்றார் தோழி. மாணவி சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். பட்டமும் கிடைத்தது.

கலத்தினுள் வளர்ச்சிச் செய்தி செல்லும் வழியிலேயே வைரசு புகுந்து குழப்புவதையும் பின்வந்தோர் விரிவாகக் காட்டியுள்ளனர். என் விளக்கத்தில் பிழையிருப்பின் துறையறிந்தோர் திருத்துக. தப்பிய தட்டு ஒன்றா இரண்டா என்பதை மட்டும் மாணவியும் தோழியும் திருத்தலாம்; அதைப் பற்றி இருவரும் இன்னமும் வாதிடுகிறார்கள்.