சாட்சிப் பக்கத்தில் ஆறு வரி

சபையில் எல்லாருக்கும் அவள் அச்சகத்து அக்கா. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அச்சகத்தில் இருபது வருடமாகத் தட்டச்சும் பக்க அமைப்பும் செய்கிறவள். கல்யாணப் பத்திரிகையோ ரசீதுப் புத்தகமோ, அவள் கை படாமல் எதுவும் வெளியே போகாது. சபையின் மாதப் பத்திரிகையும் அங்கேதான் அச்சானது. அதன் கடைசித் தாளில் ஒரு பக்கம் ஜெபக் குறிப்புகள், மறுபக்கம், ஜெபத்தால் சுகமானவர்கள் எழுதும் சாட்சிகள்.

'ஒரு சகோதரியின் மகள் வலிப்பிலிருந்து விடுதலை பெற' என்ற வரி பதினொரு வருடமாக ஜெபக் குறிப்புகளில் இருந்தது. மாதாமாதம் அதை அடித்தவள் அந்தச் சகோதரியேதான். அந்த வரிக்கு மேலேயும் கீழேயும் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாளின் மறுபக்கத்துக்குப் போனார்கள். ஒருவருக்குக் கல் கரைந்தது, இன்னொருத்திக்குக் கட்டி காணாமல் போனது. அவற்றையெல்லாம் ஒற்றுப்பிழை திருத்தி அழகாகப் பக்கம் கட்டுவாள். வயிறு எரியும். எரிந்ததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள்.

மகள் எட்டு வயதில் பள்ளிக்கூட வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது முதன்முறையாக விழுந்தாள். வேலைக்கென்று வெளியூர் போன அப்பா அங்கேயே வேறு குடும்பம் கண்டுவிட்டதும் அந்த வருடம்தான். வீட்டில் அவளுக்குப் பெயர் வாயாடி. வலிப்பு தெளிந்து எழுந்ததும், "நான் எதுவரைக்கும் சொன்னேன்?" என்று கேட்டு விட்ட இடத்திலிருந்து பேசுவாள். விடிகாலை ஐந்து மணிக்குக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே அம்மா முழங்காலில் நிற்பாள். தூங்குகிற பிள்ளையின் தலையில் கை வைத்து, "ஆண்டவரே, இவளை விட்டு இது போகட்டும்" என்பாள். வெள்ளிக்கிழமை உபவாசம். காய்ச்சல் வந்தாலும் தவறியதில்லை.

மகளுக்குப் பத்தொன்பது நடந்தபோது வலிப்பு நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம், நான்கு மாதம். டாக்டர் மாத்திரையை மாற்றிய அதே வாரத்தில்தான் சபையில் ஆள் மாற்றி ஆள் இடைவிடாமல் செய்யும் சங்கிலி ஜெபமும் நடந்திருந்தது.

"சாட்சி எழுதிக் கொடுங்க சகோதரி" என்றார் பாஸ்டர்.

"இன்னும் கொஞ்ச நாள் பாத்துட்டு எழுதுறேனே."

பெண்கள் ஜெபக்குழுத் தலைவி பக்கத்தில்தான் நின்றாள். "இன்னும் என்னத்தப் பாக்கப்போறீங்க அக்கா? நன்றி சொல்லக்கூடவா நாள் பாக்கணும்?"

அச்சகத்து அக்கா தன் சாட்சியைத் தானே அடித்தாள். மாத்திரை மாற்றியதையும் ஒரு வரி சேர்த்திருந்தாள். பாஸ்டர் அந்த வரியை மட்டும் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பினார். அவளும் எடுத்துவிட்டாள். பதினொரு வருடம் காத்திருந்து வந்த பக்கம் அல்லவா.

பத்திரிகை வெளியான வாரம் தலைவி வீட்டுக்கு வந்தாள். மேஜைமேல் மாத்திரை டப்பா இருந்தது. "சுகமானவளுக்கு எதுக்கு அக்கா இதெல்லாம்? அப்ப ஆண்டவரை நீங்க முழுசா நம்பலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. சட்டென்று நிறுத்தக் கூடாது என்று டாக்டர் எத்தனையோ முறை சொல்லியிருந்தார். ஆனாலும் நிறுத்தினாள். "அம்மா, நெஜமாவே வேணாமா?" என்று மகள் கேட்டதற்கு, "விசுவாசி. அவரை முழுசா நம்பு" என்றாள்.

ஒன்பதாம் நாள், அடுப்பிலிருந்து கொதிக்கிற தண்ணீரை இறக்கும்போது வலிப்பு வந்தது.

மூன்று வாரம் ஆஸ்பத்திரி. வெந்த வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் ஒட்டிக்கொண்டு மடங்கிவிட்டன. வாயாடி முதல் வாரம் முழுக்கப் பேசவே இல்லை. பிறகு ஒருநாள் சுவரைப் பார்த்தபடி கேட்டாள். "எனக்காகவா நிறுத்தின? இல்ல, அந்தப் பக்கத்துக்காகவா?"



தலைவி பழப் பையோடு வந்து, "நான் நிறுத்தச் சொல்லவே இல்லையே அக்கா, சும்மா கேட்டேன், அவ்வளவுதான்" என்றாள். பாஸ்டர் தலைமாட்டில் நின்று உருக்கமாக ஜெபித்தார். வெளியே வந்து குரலைத் தாழ்த்தி, "எங்கேயோ ஒரு சின்ன அவிசுவாசம் நுழைஞ்சிருக்கும் சகோதரி" என்றார்.

"நடந்ததப் பத்திரிகையில போடுங்க பாஸ்டர். என் சாட்சியப் படிச்சிட்டு வேற யாராவது மாத்திரைய நிறுத்தியிருப்பாங்க."

"விசுவாசத்துல பலவீனமானவங்க இடறிப்போவாங்கம்மா."

"இடறி விழுந்தது என் பொண்ணு பாஸ்டர்."

அடுத்த மாதப் பத்திரிகையில் அவள் மகளுக்கான ஜெபக் குறிப்பும் இல்லை, திருத்தமும் இல்லை. சுகமானவளுக்குக் குறிப்பு எதற்கு என்று எடுத்துவிட்டிருந்தார்கள். அதற்கடுத்த மாதம், பாஸ்டர் எல்லாம் சரிபார்த்து அனுப்பிய பிறகு, சாட்சிப் பக்கத்தின் அடியில் அவளே ஆறு வரி சேர்த்தாள். 'என் மகளுக்கு வலிப்பு திரும்ப வந்துவிட்டது. மருந்தை நிறுத்தியது என் தவறு. அவள் கை வெந்துவிட்டது. யாரும் டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள். நான் ஜெபத்தை நிறுத்தவில்லை. எங்களுக்காக ஜெபியுங்கள்.'

ஆயிரத்து இருநூறு பிரதி போய்ச் சேர்ந்துவிட்டது. சபை தன் அச்சு வேலையை வேறு இடத்துக்குக் கொண்டுபோனது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு, "உண்மைதான்மா எழுதியிருக்க. ஆனா அது அவங்க பத்திரிகையாச்சே" என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவள் முடித்த பக்கங்களை அவரே ஒருமுறை படித்துவிட்டுத்தான் இயந்திரத்துக்கு அனுப்பினார். அந்த ஆறு வரிக்கு ஒரே ஒரு கடிதம் வந்தது, கையெழுத்தில்லாமல். ஆண்டவருடைய நாமத்தைக் கெடுத்தவள் என்று இருந்தது.

அவள் ஆராதனைக்குப் போவதை விடவில்லை. கடைசி பெஞ்சில் உட்காருவாள். அவள் பக்கத்து இடம் பெரும்பாலும் காலியாக இருக்கும். கடைசிப் பாட்டு முடியுமுன்பே எழுந்து வந்துவிடுவாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு விடிகாலை, தலையில் கை படுமுன்பே மகள் கண்ணைத் திறந்தாள்.

"இன்னும் அதையேதான் கேக்குறியா?"

"ஆமா."

"எனக்கே அலுத்துப்போச்சும்மா. அவர் முடியாதுன்னு சொல்லிட்டாருன்னா?"

"சொல்லட்டும். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் கேப்பேன்."

"அன்னைக்கு என் கை வெந்தப்ப அவர் எங்க பாத்துட்டிருந்தாராம்? அதையும் கேளு."

"அதையுந்தான் தெனமும் கேக்குறேன்."

மகள் எழுந்து உட்கார்ந்து, மூன்று விரலால் மாத்திரையைப் பிதுக்கி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அம்மா நீட்டிய தண்ணீரை வாங்காமல், குழாயடிக்குப் போய்த் தானே குடித்தாள்.